வாழை வெட்டும் வாளுக்கு இரண்டு கோப்புகள்

1. ஏழாவது கட்டம்

எங்கள் விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கட்டம், ஆயுதம் எதற்கு வேண்டும் என்று கேட்கும். அதில் அழகான கையெழுத்தில், பிழையில்லாத ஜேர்மன் மொழியில், "அசுரனைக் கொல்வதற்கு" என்று எழுதியிருந்தது. எட்டாவது கட்டம் இடத்தைக் கேட்கும். "கோவில் கார் தரிப்பிடம்" என்றிருந்தது.

இது 2008 செப்டெம்பரில். வுப்பர்டாலுக்குப் பக்கத்துச் சிறு நகரமொன்றின் நகரசபையில், ஆயுத அனுமதிப் பிரிவில் எனக்கு இரண்டாவது வருடம். அதற்கு முன் நுண்பொறி வேலையில் பயிற்சி முடித்து, கத்தி செய்யும் தொழிற்சாலையொன்றில் அளவு பார்க்கும் பகுதியில் இருந்தேன். ஆயுதங்களை அளந்து வகை பிரிக்கத் தெரிந்த ஆளை நகரசபை தேடியபோது இங்கே வந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் கெஸ்லர் அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். அவர் பேசியது ஜேர்மன். என் வாய்த் தமிழில் தருகிறேன்; பெண்களை மரியாதையாக அழைக்கும் "பிராவ்" என்ற சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"பிராவ் குரூஸ், காலமை எட்டு மணிக்கே ஒரு கொலைத் திட்டம் வந்திருக்கு. ஆள் தன்ர பேர், விலாசம், தொலைபேசி எல்லாம் எழுதியிருக்கிறார். வலு ஒழுங்கான கொலைகாரன். உங்கட ஆக்கள்தானே, விளங்கப்படுத்துங்கோ."

"நான் மன்னார்க் கத்தோலிக்கம். இது இந்துக் கோவில். எனக்கும் தெரியாது."

"அப்ப நல்லது. தெரியாத ஆள்தான் ஒழுங்காக் கேள்வி கேக்கும். கையெழுத்து என்ர. மிச்ச வேலை உங்கட."

விண்ணப்பித்தவர் சிவநேசன் அண்ணை. கோவில் சபைத் தலைவர், நகரப் பேருந்து ஓட்டுபவர். கோட் சூட்டோடு வந்தார்.

"தங்கச்சி, நவராத்திரி முடிய பத்தாம் நாள் அம்மன் வெளிய வருவா. வாழை மரத்தை அசுரனா நினைச்சு ஐயர் வாளால வெட்டுவார். ஊரில கோவில் கோவிலா நடக்கிறது. உமக்குத் தெரியாதோ?"

"நான் குரூஸ், அண்ணை."

"ஓ, அந்தோனியார் பக்கமோ! அப்ப இருந்து கேளும்."

கேட்டேன். இத்தனை வருடமும் வாடகை மண்டபத்துக்குள், நிலத்தில் பிளாஸ்டிக் விரித்து வெட்டினார்களாம். இந்த வருடம்தான் பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றைச் சொந்தமாக எடுத்து, முதல் தடவையாக அம்மனை வெளியே கொண்டுவரப் போகிறார்கள். வெளியே என்றால் பொது விழா. பொது விழாவில் வாள் என்றால் தடை. விலக்குக் கொடுக்க நான் பார்க்க வேண்டியவை மூன்று:

ஒன்று, கேட்பவர் நம்பத் தகுந்தவரா.
இரண்டு, அந்த ஆயுதம் இல்லாமல் அந்த நிகழ்ச்சி நடக்கவே முடியாதா.
மூன்று, மற்றவர்களுக்கு ஆபத்து இல்லையா.

ஒன்றும் மூன்றும் இலகு. இரண்டாவதில்தான் எல்லா விண்ணப்பமும் விழும்.

2. உரிமை என்ற சொல்

படிவத்தோடு அவர் இரண்டு பக்கக் கடிதமும் இணைத்திருந்தார். முதல் பக்கத்தில் ஜேர்மன் அரசியல் சட்டத்தின் நான்காம் உறுப்பு: சமய சுதந்திரம். இரண்டாம் பக்கத்தில் அமெரிக்கா.

அந்தக் கோடையில் எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவைப் பற்றித்தான் பேசினார்கள். ஜூனில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு தனி மனிதருக்கும் உரியது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அப்படிச் சொன்னார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். அரசியல் சட்டத்தின் அந்த வரி ஊர்க்காவல் படையைப் பற்றிப் பேசித் தொடங்குகிறது. அந்தப் படைக்காகத்தான் உரிமையா, படை இல்லாவிட்டாலும் உரிமையா என்று இருநூறு வருடத்துக்கு மேலாகப் பிணக்கு.

எங்கள் கன்டீனிலும் அந்தப் பிணக்கு நடந்தது. கெஸ்லர் ஷூட்சன் சங்கத்துக்காரர். பச்சைச் சீருடை அணிந்து, தோளில் துப்பாக்கியோடு வருடா வருடம் ஊர்வலம் போகும் பழைய ஊர்ச் சங்கம் அது. "எங்களுக்கும் அந்த உரிமை இருந்தது," என்றார். "நகரத்து மதிலை எங்கட முப்பாட்டன்மார்தான் காத்தவை. இங்க நடந்த 1848 புரட்சியில சனம் அதைத்தான் திருப்பிக் கேட்டது."

நான் பட்டியல் போடாமல் எதையும் நம்புவதில்லை. நகர ஆவணக் காப்பகத்தில் ஒரு பிற்பகல் இருந்து பார்த்தேன். மதில் காத்த காலத்து ஏடுகளில் உரிமை என்ற பேச்சு எனக்கு அகப்படவில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் ஆயுதம் வைத்திருக்க வேண்டும், காவலுக்கு வராவிட்டால் தண்டனை என்றே இருந்தது. கெஸ்லரிடம் சொன்னேன்.

"கடமை எண்டு எழுதியிருக்கு."

"கடமை செய்யிறவனுக்கு உரிமையும் இருக்குத்தானே?"

"அதைத்தான் அமெரிக்காவிலயும் கேட்டுக்கொண்டிருக்கினம்."

இன்றைய ஜேர்மன் அரசியல் சட்டத்தில் ஆயுதம் ஏந்தும் உரிமை என்று ஒன்று இல்லை. அதைச் சிவநேசன் அண்ணைக்கும் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"வெள்ளைக்காரன் துவக்கோட ஊர்வலம் போனா அது பாரம்பரியம். நாங்கள் வாளோட போனா ஆபத்தோ?"

"அவையும் அனுமதி எடுத்துத்தான் போகினம், அண்ணை."

"எடுக்கினம். ஆனா எதுக்கெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

வாதம் முட்டிய இடத்தில் நான் அளப்பேன். கோவிலில் நேரடிப் பார்வைக்கு நாள் குறித்தேன்.

3. மூன்று வாள், ஒரு வாழை

கேள்வி இதுதான்: கூர்வாள் இல்லாமல் முடியாதா? அதனால் மூன்று வாள் கேட்டிருந்தேன். கலைவிழாவில் பிள்ளைகள் நாடகத்துக்குச் செய்த மரவாள். சுவரில் மாட்டும் கூரில்லாத இரும்பு வாள். கோவிலுக்கென்று இந்தியாவிலிருந்து வந்த வாள். வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். கோவில் வாளின் அலகு அறுபத்திரண்டு சென்ரிமீற்றர், முதுகு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. ஓரம் காகிதத்தை வெட்டியது.

வாழை, பூங்கன்றுக் கடையில் வாங்கிய தொட்டி வாழை. தண்டு கணுக்கால் தடிப்பு.

"விழாவுக்கு வேற வாழை இருக்கு. இதைச் சோதனைக்கு வெட்டலாம், பிள்ளை," என்றார் ஐயர். "ஆனா மர வாளைத் தொட்டு நான் வெட்டமாட்டன். விளையாட்டில்லை இது."

நான் மொழிபெயர்த்ததும், கூட வந்திருந்த கெஸ்லர் கோட்டைக் கழற்றினார். "நான் வெட்டுறன்."

மரவாளால் ஓங்கி அடித்தார். தண்டு வளைந்து திரும்பி வந்து அவருடைய முழங்கையில் தட்டியது. இரும்பு வாளால் அடித்தார். தண்டு நசுங்கியது, சாறு அவருடைய கழுத்துப் பட்டியில் தெறித்தது, வாழை தொட்டியோடு சரிந்து விழுந்தது. மண் முழுக்க அவருடைய சப்பாத்துக்குள்.

"அசுரன் வெண்டிட்டான்," என்றார் சிவநேசன் அண்ணை தமிழில். நான் மொழிபெயர்க்கவில்லை. கெஸ்லர் என்னைப் பார்த்தார். "அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை, பிராவ் குரூஸ், விளங்கிச்சுது."

வாழையை நிமிர்த்தி வைத்தோம். ஐயர் கோவில் வாளை எடுத்தார். பெரிதாக ஓங்கவில்லை. ஒரே வெட்டு. மேல் பாதி ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு வழுக்கி விழுந்தது.

சிவநேசன் அண்ணை விடவில்லை. "அவரைக் கேளும் தங்கச்சி, அவையின்ர ஊர்வலத்தில வாற துவக்கு மெய்யானதோ?"

இதை மொழிபெயர்த்தேன். கெஸ்லரின் காது சிவந்தது. "இல்லை," என்றார். "இப்ப கொஞ்சக் காலமா மரத்துவக்கு." பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார்.

என் அறிக்கையில் இரண்டாவது நிபந்தனைக்கு நேரே மூன்று வரி எழுதினேன்: மரவாள், வெட்டவில்லை. கூரில்லாத வாள், மரம் விழுந்து அருகில் நிற்பவருக்கு ஆபத்து. கூர்வாள், ஒரே வெட்டு, ஆபத்துக் குறைவு.

4. இரண்டு பக்கம்

அலுவலகத்தில் கெஸ்லர் சொன்னார்: "நாளைக்கே கையெழுத்து வைப்பன். ஆனா அந்த ரெண்டு பக்கக் கடிதத்தை எடுக்கச் சொல்லுங்கோ. அரசியல் சட்ட உரிமை எண்டு கோரினால், நான் முடிவெடுக்க ஏலாது. சட்டப் பிரிவுக்குப் போகோணும். விழா முடிஞ்சுதான் திரும்பி வரும்."

விழாவுக்குப் பதினோரு நாள் இருந்தது. அண்ணையை அழைத்துச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி, நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி எண்டு கேக்கேக்க, அந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டித்தான் என்ர வழக்கறிஞர் கதைச்சவர். இப்ப நான் இந்த நாட்டுக் குடிமகன். அந்தப் புத்தகத்தை ஒளிச்சு வைச்சிட்டு, ஐயா தயவு செய்யுங்கோ எண்டு கேக்கச் சொல்லுறீரோ?"

"இல்லை, அண்ணை."

"பிறகு?"

உண்மையில், அந்த இரண்டு பக்கங்களையும் படிவத்திலிருந்து கழற்றி அவரிடம் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடுதான் இருந்தேன். தொழிற்சாலையில் படித்தது அப்படி: வேலைக்குத் தேவையில்லாத தாள் கோப்பில் இருக்கக் கூடாது. கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. நான் கழற்றப் போவது ஒரு மனிதருடைய கேள்வியை.

"ரெண்டு கோப்புத் திறப்பம்," என்றேன். "ஒண்டு, இந்த வருச விழாவுக்கு அனுமதி. கெஸ்லர் கையெழுத்து வைப்பார். மற்றது, உங்கட கடிதம். தனி இலக்கத்தோட சட்டப் பிரிவுக்குப் போகும். சமய சுதந்திரத்தின்படி வாளுக்கு உரிமை உண்டோ இல்லையோ எண்டு அவை பதில் எழுதட்டும். ஒண்டுக்காக மற்றதை விடத் தேவையில்லை."

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். "தனி இலக்கம் போடுவீரோ?"

"உங்கட கண்ணுக்கு முன்னால."

முத்திரை குத்தி, இலக்கம் எழுதிக் காட்டினேன். அதைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

கெஸ்லரிடம் சொன்னபோது அவர் முதலில் முறைத்தார். பிறகு, "சட்டத்தில இதுக்குத் தடை இருக்கோ?" என்றார். "தேடிப் பாத்தன், இல்லை," என்றேன். கையெழுத்து வைத்தார்.

விழா மழையில்லாத ஒரு மாலையில் நடந்தது. நிபந்தனைகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். வாள் பூட்டிய பெட்டியில் வந்தது. ஐயரைத் தவிர எவரும் தொடவில்லை. சனத்துக்கும் வாழைக்கும் இடையே பத்து மீற்றர். அம்மன் குதிரை வாகனத்தில் கார்களுக்கு நடுவே நின்றாள். வெட்டு விழுந்ததும் எழுந்த சத்தத்தில் பக்கத்து மாடியில் ஒரு ஜேர்மன் கிழவரும் கை தட்டினார்.

5. சட்டப் பிரிவின் பதில்

இரண்டாவது கோப்புக்கு எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அனுமதி ஏற்கனவே வழங்கப்பட்டதால், உரிமை உண்டா என்ற கேள்வியை முடிவு செய்ய வேண்டிய தேவை எழவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"அப்ப இருக்கோ, இல்லையோ?"

"இல்லை எண்டு எழுதேல்லை, அண்ணை."

"ஓம் எண்டும் எழுதேல்லை."

"ஓம்."

"கெட்டிக்காரர்," என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து அந்த வருடத்துப் படிவத்தை எடுத்து நீட்டினார். பின்னால் கடிதம் இணைத்திருந்தது. இம்முறை மூன்று பக்கம்.

கவுண்டரில் ஒருவர் உரிமை என்று சொன்னால், என்ன தேவை என்று கேளுங்கள். தேவையைத் தீர்த்துவிட்டால் அந்தச் சொல் மறைந்துவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். நான் அன்று மூன்று பக்கங்களையும் எண்ணி, முத்திரை குத்தி, புதிய இலக்கம் போட்டேன்.