ஞானேஸ்வரி வாங்கிய சாப்பாட்டுப் படங்கள்

புளியங்குளம் சந்தியில் தில்லைநாதனின் சாப்பாட்டுக்கடையில் இருபது வருடம் ரொட்டி தட்டியவள் ஞானேஸ்வரி. வாய்ப்புற்று வந்து நாக்கில் பாதியை வெட்டி எடுத்தபின், மூக்கு வழியாக விட்ட ரியூப் குழாயில்தான் கஞ்சித் தண்ணீர் இறங்கியது. பேச்சும் போயிற்று. சொல்ல வேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவாள்.

கிளினிக்குக்காக மகள் சுதர்சினியோடு வவுனியாவுக்குப் போன ஒருநாள், பஸ் நிலையத்தருகே தனுஷா என்ற பெண் சிறு மேசை போட்டுப் படங்கள் விற்றுக்கொண்டிருந்தாள். பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் கையால் அழுத்தி எடுத்தவை, ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு. இடியப்பம், பிட்டு, மீன் பொரியல். ஞானேஸ்வரி பருப்பு வடைப் படத்தைக் கையில் எடுத்தாள், திருப்பி வைக்கவேயில்லை.

“ஒரு மிடறு தண்ணி விழுங்கேலாது. சாப்பாட்டுப் படம் எதுக்கம்மா?” என்று சுதர்சினி சீறினாள்.

அதன்பின் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் ஒரு படம் வந்தது. கட்டிலுக்கு நேரே சுவரில் மாட்டி வைத்தாள். ரொட்டிப் படம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. “தேங்காய்ப்பூ எங்க? விரல் பட்ட குழி எங்க?” என்று தனுஷாவுக்கு எழுதிக் காட்டினாள்.

“நீங்களே கீறித் தாங்கோ அம்மா,” என்றாள் தனுஷா. ஞானேஸ்வரி கொப்பியில் ரொட்டியை வரைந்து கொடுத்தாள். அடுத்த முறை போனபோது புது ரொட்டி தயாராக இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

ஒரு மத்தியானம் ஞானேஸ்வரி வீட்டின் பின்பக்கம் போனாள். கிணற்றடியில் குந்தியிருந்து சுதர்சினி சோற்றை அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் சோற்றுக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஞானேஸ்வரி அவளது கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, கட்டிலில் இருத்திக் கொப்பியை நீட்டினாள்.

“எனக்கு முன்னால சாப்பிடு.”

“ஏலாதம்மா.”

எழுதியதன் கீழே கோடு இழுத்தாள். சுதர்சினி அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் தாயின் தொண்டை ஏறி இறங்கியது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் மகளைத் தனியே கூப்பிட்டு, “இனி அவாவை அலைக்க வேண்டாம்,” என்றார். வெளியே வந்த மகளின் சிவந்த கண்களைக் கண்ட ஞானேஸ்வரி அன்று தனுஷாவின் மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுதர்சினிதான் ஓடிப்போய் ஒரு படம் வாங்கினாள். தாய் அதைக் கையில் வாங்காமல் பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தொரு நாள் கிடந்துதான் போனாள். கடைசி மூன்று நாளும் ரியூப்பில் விட்ட தண்ணீர்கூடத் தங்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த தில்லைநாதன் சுவரைப் பார்த்து நின்றார். “பிள்ளை, இதுகளைக் கடையில மாட்டட்டோ? வடிவாயிருக்கும்.”

சுதர்சினி தலையை ஆட்டி மறுத்தாள். அவர் போனதும் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அலுமாரியில் தாயின் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.