மசாலாப் பொட்டலத்தில் அச்சாகாத முகம்

மிளகாய் வறுக்கும் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குத் தும்மலுக்கு முன்னால் வெட்கம்தான் வருகிறது. பர்மாவில், க்யிம்யிண்டைங் பேட்டையில், படகுத்துறைக்குப் போகிற சந்தில் எங்கள் வீடு; அங்கே எங்கள் அம்மா காலையிலிருந்து பொழுது சாயும்வரை இரும்புச் சட்டியில் மிளகாயும் மல்லியும் வறுத்து இடிக்க, அப்பா அதைப் பொட்டலம் கட்டி பக்கத்துப் பேட்டை அலோன் வரைக்கும் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார், சந்தில் போகிறவர்கள் "மசாலா வீடு" என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சுருட்டோ, மருந்தோ, தேயிலையோ, எதுவானாலும் உறையின்மேல் முதலாளியின் முகத்தை அச்சடிப்பார்கள். முகம் தெரிந்தால்தான் சனங்கள் நம்பி வாங்குவார்களாம். அப்பாவுக்கும் அந்த ஆசை வந்து, அச்சாபீசில் லேபிள் வரைந்துகொண்டிருந்த அந்தோணி அண்ணனைக் கூட்டி வந்தார். பிற்பாடு பர்மாப் பெயர் வைத்துக்கொண்டு, பால் டின்னையும் சோப்பு உறையையும் ஆளுயரத்துக்கு வரிசை வரிசையாக வரைந்து, "கடைச் சாமான்காரன்" என்று கேலிக்கு ஆளாகி, அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்குகிற அளவுக்குப் பேர் எடுத்த ‘பாப்’ பாணி ஓவியர் அவர்தான். அன்றைக்கு அவருக்கு இருபது வயசு இருக்கும். கைலியெல்லாம் சாயக் கறை.

"முதலாளி யாரு, நீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"நான் எங்க முதலாளி? அடுப்புல நிக்கிறாளே, அவதான்" என்றார் அப்பா, விளையாட்டாக. அந்தோணி அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, இருங்க தம்பி, மூஞ்சி கழுவி தனகாச் சாந்து பூசிக்கிட்டு வந்துர்றேன்."

"வேணாங்க்கா. இப்படியே நில்லுங்க. கரண்டிய மட்டும் விட்டுறாதீங்க."

லேபிளின் நீள்வட்டத்துக்குள் அம்மா வந்தாள். நெடியில் சிவந்து நீர் கட்டிய கண், நெற்றியில் ஒட்டிய முடி, சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு, எல்லாம் இருந்தபடியே. அப்பா பார்த்துச் சம்மதம் சொல்வதற்காக, வர்ணம் போட்ட அந்த அட்டையை அலமாரியில் சாத்தி வைத்துவிட்டு அந்தோணி அண்ணன் போனார். அம்மா பக்கத்து வீட்டு மா தெய்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்துக்க, என் மூஞ்சி மாண்டலே வரைக்கும் போகப்போகுது. நான்தான் போனதில்ல."

எனக்கு அப்போது ஒன்பது வயசு. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. என்னோடு படித்த ஸ்டெல்லா, துறைமுக ஆபீஸ் கிளார்க்கின் மகள், அன்று மசாலா வாங்க வந்தவள் அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"யாருடி இது, உங்கம்மாவா? அழுவுறாங்க! மசாலா வாங்குனா அழுகை இனாமா?"

நான் ரோஷக்காரி. அம்மா பின்கட்டில் இருந்தாள். ஸ்டெல்லா போனதும் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, முதலில் கண்ணைத் தேய்த்தேன், அப்புறம் வாயை. மஞ்சள்பொடி படியாத விரல் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் திட்டுத்தான் மிஞ்சியது.

சாயங்காலம் எல்லாரும் கூடினபோது, கூரை ஒழுகியது என்று சொன்னேன். அந்தோணி அண்ணன் அட்டையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"ஆமாக்கா, மழை ஈரம். நாளைக்கு வேற போட்டுத் தர்றேன்" என்றார்.

அப்பாவுக்கு அவசரம். "அச்சுக்கு நாள் குறிச்சாச்சுப்பா. ஒரு ரோசாப்பூவப் போட்டு அடிச்சுரு."

"பூவுன்னா பாக்கறவங்களுக்குக் கண்ணு எரியாது" என்று அம்மா சிரித்தாள். ஆனால் மா தெய்ன் வாசலில் நின்றால், நாலைந்து நாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனாள். கெட்டுப்போன அட்டையை அந்தோணி அண்ணன் எடுத்துப் போனார்.

அடுத்த மழைக்கே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவளை வைத்து ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. என் படிப்பு அதோடு நின்றது. சட்டிக்கு முன்னால் நான் நின்றேன். யாருக்காக அம்மாவை அழித்தேனோ அந்த ஸ்டெல்லாவை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. சிவந்த கண் மட்டும் எனக்கும் வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து, பேரும் புகழுமாக இருந்த அந்தோணி அண்ணன் ஒரு நாள் சந்தையில் என் கடைமுன் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"அக்கா முகத்த மறுபடி போட்டுப் பாக்கறேன், சரியா வர மாட்டேங்குது. நீ பக்கத்துல உக்காந்து சொல்லும்மா, வந்துரும்" என்றார்.

எனக்கோ அப்போது முகம் நன்றாக நினைவில் இருந்தது. போய் உட்கார்ந்தால் விரலைப் பற்றிய பேச்சு வருமே என்று, "அதெல்லாம் யாருக்குண்ணே ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றார். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, அதிலிருந்த ரோசாப்பூவைப் பார்த்தபடியே போனார்.

போன குளிர்காலத்தில் அவர் காலமானார். அவர் படங்களையெல்லாம் சேர்த்து ஒரு கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று என் மகள் கூட்டிப்போனாள். ஒரு சுவர் முழுக்க எங்கள் மசாலாப் பொட்டலம், எட்டு வரிசை, சிவப்பும் நீலமும் பச்சையுமாக. ஒவ்வொன்றிலும் அதே நீள்வட்டம், உள்ளே முகம் இல்லை, மஞ்சள் திட்டு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், பக்கத்திலிருந்த பலகையை மகள் படித்துச் சொன்னாள்: அந்த மஞ்சள் உதிக்கிற சூரியனாம், பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்கிறார்களாம்.

அந்தச் சந்தில் இப்போது அடுக்குவீடுகள். மசாலாவை எவரும் வீட்டில் வறுப்பதில்லை. அம்மாவின் குரல் காதில் இருக்கிறது. முகத்தைத் தேடினால் எனக்கும் அந்த மஞ்சள்தான் வருகிறது.

அந்தச் சுவரில், நடு வரிசையில் ஒரே ஒரு பொட்டலம் மட்டும் வரைந்ததல்ல. நான் கெடுத்த பழைய அட்டையையே ஒட்டியிருந்தார். கிட்டே போய், அந்தத் திட்டுக்கு நேரே என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தேன்.

"அபுவா, தொடக்கூடாது" என்று காவலுக்கு நின்ற பெண் பர்மாப் பேச்சில் சொன்னாள். பாட்டி என்று அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டாள்.

விரலை எடுத்துவிட்டேன். ஒன்பது வயசு விரல் தேய்த்த அந்தத் திட்டு மிகவும் சின்னது.