திருப்பி அனுப்பிய நீலக்கல்

மேலப்பாளையத்து மைதீன் பாத்திமாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். புருஷன் ரசீத் ஷார்ஜாவில் லாரி ஓட்டினான். ஊருக்கு வந்தால் ஒரு மாசம். அதிலும் பாதி விருந்துக்கே போய்விடும். மற்றபடி அவர்கள் குடித்தனம் நடத்தியது செல்போன் விளையாட்டு ஒன்றில்தான். சிரிக்காதீர்கள். அதில் ஆளுக்கொரு பொம்மை, ஒரு வீடு, பின்னால் ஒரு மலை. மலையைத் தோண்டினால் கல் கிடைக்கும். ராத்திரி இஷா தொழுதுவிட்டு இருவரும் தோண்டுவார்கள்; தோண்டிக்கொண்டே சண்டையும் போடுவார்கள்.

அங்கே எளிதில் அகப்படாதது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நீலக்கல். பல மாசம் தோண்டி ரசீத் அதை எடுத்தான். யார் யாரோ விலை கேட்டார்கள். கொடுக்காமல் அவள் பொம்மையின் கழுத்தில் போட்டுவிட்டான். வீட்டிலிருக்கும் நகையெல்லாம் உம்மாவும் மாமியும் பார்த்து எடுத்தவை. இது ஒன்றுதான் அவனாகத் தேடிக் கொடுத்தது.

இந்த வருஷம் பனிமூட்டத்தில் அவன் லாரி கவிழ்ந்தது. போனும் அவனோடு நசுங்கிவிட்டது. அங்கேயே அடக்கினார்கள். முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

புருஷன் மவுத்தானால் பெண் நாலு மாசம் பத்து நாள் அலங்காரமில்லாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவைப் பாத்திமா இருந்தாள். கருகமணி, வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி ரசீதின் அக்கா ஷம்ஸியாவிடம் கொடுத்தாள். ஒருநாள் மனசு ஆறாமல் விளையாட்டைத் திறந்தால், பொம்மையின் கழுத்தில் கல் மின்னிக்கொண்டிருக்கிறது. இத்தாவில் நகை ஆகாதே, அந்தப் பொம்மையும் நான்தானே என்று உறுத்தியது. பொம்மைக்கு மார்க்கச் சட்டம் கேட்டால் ஊர் சிரிக்கும். யாரிடமும் கேட்காமல் தானே கழற்றினாள். இத்தா முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான், பாவம், நினைத்தாள்.

பரிசாக வந்த கல்லைக் கழற்றினால் அது கொடுத்தவருக்கே போய்விடும். விளையாட்டின் சட்டம் அது. போன் என்னவோ கேட்டது; படிக்காமல் சரி என்று தொட்டுவிட்டாள். கல் போய்விட்டது. அவன் கணக்கைத் திறக்க இனி யார் இருக்கிறார்கள்?

அழுகைச் சத்தம் கேட்டு ஷம்ஸியா வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொம்மைக் கல்லுதானட்டி, போனாப் போவுது" என்றாள்.

"கல்லு போவட்டும் மைனி. இதப் பாருங்க."

இருவரும் பேசிக்கொள்ளும் பெட்டியில், விளையாட்டு தானாக ரசீதுக்கு அனுப்பியிருந்த சேதியைக் காட்டினாள். 'உங்கள் பரிசு வேண்டாம் என்று மைதீன் பாத்திமா திருப்பி அனுப்பிவிட்டார்.'

"ஒங்க தம்பிக்கு நான் கடைசியாச் சொன்னது இதுதான் மைனி."