மெர்வின் பாட்டும் மேக்பையின் பாட்டும்

"நான்தான்டா. நிஜமா நான்தான்," என்று ஐஸ்கிரீம் வண்டியின் ஜன்னல் வழியாகச் சொன்னார் மெர்வ் டக்வெல்.

"நேத்தும் இதே பாட்டுதான் கேட்டுச்சு," என்றான் டேரன், வேலிக்குப் பின்னால் குனிந்தபடி.

"நேத்து பாடினது பறவைடா. எட்டிப் பாரு, தெரியும்."

"எட்டிப் பார்த்தா கொத்தும்."

"பறவை இப்படிப் பேசுமாடா?"

"பாட்டே கத்துக்கிச்சு. பேச்சு கத்துக்காதா?"

மெர்வ் ஜன்னலை மூடினார். எதிர்வீட்டு வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ப்ரோனிக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பேச்சு அவளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

மெர்வ் முன்பு கொத்தனாராகச் சுவர் கட்டியவர். கோன் ஐஸைக் கொடுக்குமுன் ஒரு கண்ணை மூடி, சாய்கிறதா என்று பார்ப்பார். "நிமிந்து நில்லு கண்ணு" என்பார். கோனிடமா, வாங்குபவரிடமா என்று தெரியாது. வசந்தம் வந்தால் பெண்டிகோ ஊர்ப் பிள்ளைகளைப் போலவே அவரும் காலி ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். குஞ்சு பொரித்த மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை, ஆள் பார்க்காதபோது பின்னாலிருந்துதான் பாயும் என்பதால், அதை ஏமாற்ற டப்பாவின் பின்புறம் இரண்டு கண்கள் வரைந்திருந்தார். மழையில் ஒன்று அழிந்துபோனது. அதன்பின் முதுகைக் காட்டும்போதெல்லாம் தெருவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே போனார்.

அந்த ஆண்டு, தெருமுனை யூகலிப்டஸ் மரத்து மேக்பை அவருடைய வண்டிப் பாட்டைக் கற்றுக்கொண்டது. பாட்டுப்பெட்டி திக்கும் இடத்தில் அதுவும் திக்கியது. பிள்ளைகள் சில்லறையோடு வெறுங்காலில் ஓடிவந்தார்கள். வண்டி இல்லை, மண்டையில் கொத்துதான் கிடைத்தது. டேரனுக்குக் காதில். பிறகு நிஜ வண்டி வந்தாலும் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. இந்த வாரமும் இப்படியே போனால் நீச்சல்குளத்துப் பக்கம் போய்விடப் போவதாக மெர்வ் ப்ரோனியின் அம்மாவிடம் சொன்னார்.

ப்ரோனி மட்டும் வந்துகொண்டிருந்தாள். வாய் திறக்காமல் சாக்லேட் கோனை விரலால் காட்டுவாள். பறவை பாடியபோது அவள் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. அது மெர்வுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு மாலை கோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டார்.

ப்ரோனி தன் செருப்பைப் பார்த்தாள். கோன் உருகத் தொடங்கியது. வேறு வழியில்லை.

"அது சுருதியோட பாடும்."

மெர்வ் வண்டியின் பாட்டை நிறுத்தினார். மரத்திலிருந்து அதே பாட்டு வந்தது. தலையைச் சாய்த்து, திக்கும் இடம் தாண்டிக் கடைசிவரை கேட்டார்.

"ஆமா," என்றார். "என்னைவிட நல்லாத்தான் பாடுது."

கோனைக் கொடுத்துவிட்டு, தலையிலிருந்த டப்பாவைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது. ஒரு விரலால் தூக்கிவிட்டார்.

"நாளைக்கு நான் வரும்போது ரோட்டு நடுவுல வந்து நில்லு கண்ணு. ஒண்ணும் பேச வேணாம். நீ நின்னாதான் நான் நான்தான்னு நம்புவாங்க."