வெலிசாவ் விட்ட ஏழு கோல்

செர்பியாவின் வல்யேவோ ஊரில் வெலிசாவ் குதிரைச் சேணம் தைப்பவன். பிராகில் படித்துவிட்டு வந்த ஒருவன் கிழிந்த தோல் பந்து ஒன்றைத் தைக்கக் கொடுத்தான். தைத்து முடித்ததும் காற்று நிற்கிறதா என்று பார்க்க வெலிசாவ் ஒரு உதை விட்டான். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த வருஷமே ஊரில் முதல் கால்பந்துக் குழு கிளம்பியது. அதற்கு அவன்தான் கோல்கீப்பர்.

அப்பா ஓப்ராட்டுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான மகன் அரை டிரவுசரோடு ஊர் பார்க்க உருளுவதாவது! அந்த டிரவுசரை முட்டியோடு வெட்டிக் கொடுத்ததே மருமகள் கொசாராதான். அதை அவள் வெளியே சொல்லவில்லை.

1911 இலையுதிர் காலத்தில் பெல்கிரேட் குழு ஆட வருவதாக எழுதியது. வந்த நாள் புனித லூக்கா நாள், ஓப்ராட் வீட்டின் காவல் புனிதருடைய நாள். அன்று பாதிரியாரோடு நின்று புனிதர் பெயரால் ரொட்டி வெட்ட வேண்டும்.

"ரொட்டி வெட்டுற நாள்ல வாசப்படி தாண்டினே, உன் பங்கு ரொட்டி கெடையாதுடா," என்றார் ஓப்ராட்.

அப்பா தன் கையால் அந்த ரொட்டியில் கால் பங்கு கொடுத்தால்தான் மகன் தனிக்குடித்தனம் போய் அந்த நாளைத் தன் வீட்டில் கொண்டாடலாம். நாலு வருஷமாக மாமியார் அடுப்படியில் வெந்துகொண்டிருந்த கொசாராவுக்கு அந்தத் துண்டு ரொட்டிதான் விடுதலை.

காலையில் பாதிரியாரோடு நின்று ரொட்டி வெட்டினான் வெலிசாவ். அப்புறம் ஆளைக் காணோம்.

"போய்த் தொலைஞ்சுட்டாரா?" கொசாரா கோபத்தை முட்டைக்கோஸ் இலைமேல் காட்டி, கறியை வைத்து இறுக்கிச் சுருட்டினாள்.

மாலையில் இரண்டு குழுவும் சேறும் சகதியுமாக வீட்டு வாசலில் வந்து நின்றன. புனிதர் நாளில் யாரும் யாரையும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ஓப்ராட் பல்லைக் கடித்துக்கொண்டு, விருந்தாளிக்கு முதலில் கொடுக்கும் வேகவைத்த கோதுமையை நீட்டினார்.

பெல்கிரேட் தலைவன் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்: "ஏழு கோல் போட்டோம், பெரியவரே. உங்க மகன் இல்லேன்னா பதினேழு ஆயிருக்கும்."

"ஏழு தடவையும் போனது என் மானம்தான்," என்றார் ஓப்ராட்.

அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. நின்றே பரிமாற வேண்டும். விடிந்ததிலிருந்து நின்ற கிழவருக்குக் கால் வீங்கிவிட்டது. உதடு கிழிந்து, அரை டிரவுசரோடு நின்ற வெலிசாவ் அவர் கையிலிருந்த சாராயக் குடுவையை வாங்கினான். "குடுங்கப்பா, நான் ஊத்துறேன்." அவரும் அசதியில் பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மிலுன் விடவில்லை. "ஐயோ, ஓப்ராட் உக்காந்துட்டாரு! அப்போ இன்னிக்கு இந்த வீட்டுக்காரர் யாருப்பா?"

வீடே சிரித்தது. ஓப்ராட் எழுந்திருக்கப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே குடுவையோடு வளைய வந்த மகனைப் பார்த்தார். யாருக்கும் கோப்பை காலியாகவில்லை.

"யாரா? கண்ணு தெரியலையா உனக்கு? நிக்கிறான் பாரு!" என்றார். பிறகு ரொட்டியைப் பிய்த்துக் கால் பங்கைக் கொசாராவின் கையில் திணித்தார். "உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, பொண்ணே. அவனுக்கு முழு டிரவுசர் ஒண்ணு தச்சுக் குடு."

வெலிசாவ் அதற்குப் பிறகும் பல வருஷம் கோல் காத்தான், ஜெயித்தது கொஞ்சம்தான். ஆனால் கொசாரா ஒவ்வொரு லூக்கா நாளிலும் தன் சொந்த அடுப்பின் முன் நின்று அந்த ஏழு கோலுக்கும் கடவுளுக்கு நன்றி சொல்வாள். ஜெயித்திருந்தால் அந்தத் தடியன்கள் வீட்டுக்கு வராமல் நேரே சாராயக் கடைக்கல்லவா போயிருப்பார்கள்!