எமுலேட்டரில் அசையாத கயிறு

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். ஆனால் இது நடந்தது. முத்தையாபுரத்தில், வெயில் கொளுத்தும் பட்டப்பகலில், ரெக்ஸுக்கு நடந்தது.

சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே வள்ளத்தில் அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கரையில் அப்படித்தான். உடன்பிறந்தவள் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண் அசருவானா? அக்காள் மரியசெல்வியின் கணவர் கிளாட்வினுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ரெக்ஸ்தான் கயிறு பிடித்தான். அன்று மட்டும் போகவில்லை.

காரணம் ஒரு போட்டி. டிவியில் மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு விளையாட்டு எழுத வேண்டும். நிஜ மெஷினிலும், லேப்டாப்புக்குள் அந்த மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டரிலும் அது அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி ஓட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். ரெக்ஸ் எழுதியது சங்கு குளிக்கும் விளையாட்டு. குளிப்பவன் கயிற்றை ஒரே ஒரு தடவை அசைப்பான். பொத்தானைத் தட்டினால் மேலே வருவான்.

"என்னலே மாப்ளே, டிவிக்குள்ள கயிறு பிடிக்கப் போறியாக்கும்?" காலையில் கிளாட்வின் கிண்டலடித்தார்.

"இன்னைக்கு ஒருநாள் வேல்ராஜ் பிடிக்கட்டும் அத்தான்."

"அவன் என்ன, ஒங்க அக்காவுக்குத் தம்பியா?" சிரித்துக்கொண்டே போனார்.

எமுலேட்டரில் எல்லாம் சரியாக ஓடியது. பழைய மெஷினில்... கயிறு தானாக அசைந்தது. இரண்டு தடவை. நிறுத்தம். மறுபடி ஒன்று.

ரெக்ஸ் பதறவில்லை. பழைய மெஷினில் ஸ்விட்சைப் போட்டதும் மெமரியில் கண்ட குப்பையும் கிடக்கும். எமுலேட்டரில் அது துடைத்து வைத்தாற்போல இருக்கும். வம்பு பண்ணுவது அந்தக் குப்பைதான். மெமரி முழுவதையும் துடைத்துவிட்டுத் தொடங்கும்படி மாற்றி எழுதினான். மறுபடி ஓட்டினான்.

இரண்டு. நிறுத்தம். ஒன்று.

அவன் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. அத்தான் அப்படித்தான் அசைப்பார். மூச்சு முட்டுது, இழு என்று அர்த்தம். அதை அவன் விளையாட்டில் எழுதவே இல்லை.

வேல்ராஜுக்குப் போன் போட்டான். சிக்னல் இல்லை.

டிவி ஸ்பீக்கர் கர்ர்... கர்ர்... என்றது. இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று. இப்போது அவசர அவசரமாக...

பொத்தானைத் தட்டினான். ஆள் மேலே வரவில்லை.

மணி பதினொன்று ஐம்பது.

பிழைதான். வேறென்ன?

தான் சொல்லாமல் கயிறு அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி சேர்த்தான்.

ஓட்டினான்.

அசையவில்லை.

இரண்டிலும் ஒரே மாதிரி.

அனுப்பினான்.

மூன்று மணிக்குக் கிளாட்வினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"திருச்செந்தூரான் மேல சத்தியம்ண்ணே, கயித்த விட்டு நான் கைய எடுக்கல. அது அசையவே இல்ல!" வேல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டான். பக்கத்து வள்ளத்துக்காரர்களும் அதையே சொன்னார்கள்.

மரியசெல்வி புருஷனின் விறைத்த விரல்களைப் பிரித்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"இவ்வளவு இழுத்திருக்காவளே..." தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "ஒருத்தனுக்குமாலே தெரியல?"