பின் டிரம் ரெண்டும் முடிஞ்சு

காரின் பின் சக்கரத்துக்குள் ஒரு டிரம் இருக்கிறது, அதை மாற்றுவதென்றால் சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அது ஒரு இரும்புச் சட்டி மாதிரி. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக்கை மிதித்தால் உள்ளேயிருந்து இரண்டு பிறைகள் விரிந்து அதை அழுத்திப் பிடிக்கும். இவ்வளவும் விளங்கிய எனக்கு, என் வீட்டு மனிதர்களைத்தான் அந்தக் கிழமை முழுக்க விளங்கவேயில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த வாப்பா, பாலாவிப் பக்கத்தில் கட்டி முடித்தது ஒரேயொரு வீடு. மன்னாரில் எங்கள் தெருக்காரராக இருந்து நுரைச்சோலையில் குடியேறிய இன்னொரு குடும்பத்துக்கும் அதே நிலைமைதான். அவர்களுக்கும் கலியாண வயதில் ஒரு மகன், ஒரு மகள். பெரியவர்கள் கூடிக் கதைத்து மாற்றுக் கலியாணம் செய்தார்கள். என் அக்காவான ராத்தா அந்த வீட்டு மகனுக்கு மனைவியாகிப் போனாள். அந்த வீட்டு மகள் என் அண்ணனான நானாவுக்கு மனைவியாகி இங்கே வந்தாள். அவள்தான் என் மதினி.

மதினி வந்த பிறகுதான் என் தலையில் பேன் இல்லாமல் போனது. ராத்தா சீவினால் மயிரோடு சேர்த்து உயிரையும் இழுப்பாள். மதினி சீவும்போது நான் தூங்கிவிடுவேன். பாணுக்குள் சீனியும் தேங்காய்ப்பூவும் வைத்துச் சுருட்டி யாருக்கும் தெரியாமல் என் கையில் திணிப்பாள். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தக் கிழமையின் தொடக்கத்தில் ராத்தா ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான், கட்டாருக்கு வேலைக்குப் போகப் போகிறாராம். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாம் முடிவாகிவிட்டதாம். மாமியாரோடு தனியே கிடந்து சாக முடியாது, இனி அந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லி அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். அன்றைக்கே நுரைச்சோலையிலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் மகள் அங்கே இருப்பதென்றால் எங்கள் மகளையும் கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள்.

உம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஓம், கொண்டுவந்து விடத்தான் போறோம்! வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்ச கையோட எங்கட காரிலயே கொண்டுவந்து விடுவோம்!" என்று கைபேசிக்குள் கத்தினார்.

அறைக்குள்ளிருந்து ராத்தா எழும்பி வந்தாள். "மதினிய ஏன் அனுப்புறீங்க? அவ என்ன செஞ்சா?"

"அவ ஒண்டும் செய்யல்ல. இது மாத்து. ஒரு பக்கம் வந்தா மத்தப் பக்கமும் போகத்தான் ஓணும்."

நானா எழும்பி முற்றத்துக்குப் போனார். மதினியை அனுப்ப வேண்டாம் என்று சொன்னால் தங்கச்சியை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த சைக்கிளைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மதினி குசினியில் வெங்காயம் உரித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிக்குத் தேவையானதைவிட நிறைய வெங்காயம் உரிக்கப்பட்டது.

அடுத்த நாள் காலையில் வாப்பா, காரின் பின்பக்கம் பிரேக் பிடிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வருகிறது என்றார். பாலாவிச் சந்திக்கு அப்பால் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக் பாஸிடம் காட்டப் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். பாஸ் முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினார். டிரம் உப்புக்காற்றில் கறள் பிடித்து அசையவே மாட்டேன் என்றது. அதன் முகத்தில் இருந்த இரண்டு துளைகளிலும் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்க, டொக்கென்று கழன்று வந்தது. உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. அதைத் துடைத்துவிட்டு, பாஸ் என் விரலைப் பிடித்து உள்பக்கம் ஒரு சுற்றுத் தடவ விட்டார். கண்ணாடிக் கிண்ணம் மாதிரி வழவழவென்றிருந்தது. விளிம்பில் மேடு தட்டவில்லை. சூடேறின நீலப் புள்ளியும் இல்லை. கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். டங்...ங்...ங் என்று மணி மாதிரி நீண்டு ஒலித்தது. வெடிப்பு இருந்தால் இப்படிக் கேட்காதாம். உள் அகலத்தை அளந்து, டிரம்மிலேயே பொறித்திருந்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தவ அவுருத்தக் துவய், முதலாளி."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சிங்களம் தொடங்கியிருந்தது. தவ என்றால் இன்னும். அவுருத்தக் என்றால் ஒரு வருசம். துவய் என்றால் ஓடும். மூன்றும் தெரிந்த சொற்கள்! இன்னும் ஒரு வருசம் ஓடும் என்று நான் சந்தோசத்தில் துள்ளினேன். வாப்பாவின் முகம் மட்டும் ஏனோ தொங்கிப்போனது. டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாஸை ஒரு ஓரமாகக் கூட்டிப்போய் என்னவோ கதைத்தார். பாஸ் முதலில் திருதிருவென்று முழித்தார், பிறகு தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா காரை முற்றத்தில் நிறுத்தி, பின் சக்கரங்கள் இரண்டையும் திரும்பக் கழற்றினார். கட்டைகளின் மேல் காரை இருத்திவிட்டு, டிரம்களைச் சாக்கில் போட்டு மூலையில் வைத்தார். பகல் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கும்போது அறிவித்தார்.

"பின் டிரம் ரெண்டும் முடிஞ்சு. இந்தக் காரில இனி ஒருத்தரும் ஏறேலாது."

எனக்குப் பொறுக்கவில்லை. வாப்பாவுக்கு விளங்காமல் போய்விட்டதே என்ற கவலை வேறு. "இல்ல வாப்பா! பாஸ் அப்படிச் சொல்லல்ல. தவ அவுருத்தக் துவய் எண்டுதான் சொன்னார்!"

வாப்பா தண்ணீரை எடுத்துக் குடித்தார். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், வாப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுதானே வாப்பாவும் சொல்றார்," என்றார் உம்மா. "ஓடி முடிஞ்சு ஒரு வருசமாகிட்டு எண்டு சொல்லியிருக்கார் பாஸ். தவ எண்டா முந்தி. சும்மா கத்தாமச் சாப்பிடுங்க மகள்."

என் உம்மா விடிந்தால் சந்தைக்குப் போய்ச் சிங்கள மீன்காரர்களோடு சிங்களத்திலேயே மல்லுக்கட்டி, அவர்களே கும்பிட்டு மீனைக் கொடுக்கும்வரை விடாதவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். நானா இன்னொரு அகப்பை சோறு கேட்டார். ராத்தா வந்த பிறகு அவர் மறுசோறு கேட்டது அப்போதுதான். மதினி ஓடி வந்து போட்டாள்.

அதன்பிறகு டிரம் தேடும் படலம் தொடங்கியது. வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினார். பாவித்த ஜப்பான் சாமான் விற்கும் கடையொன்றில் டிரம்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. வாப்பா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றில் விளிம்பு மேடு தட்டியிருந்தது. ஒன்றில் போல்ட் துளையிலிருந்து மயிரிழையாக வெடிப்பு ஓடியது. ஒன்று சுற்றிவிட்டால் கோணிக்கொண்டு ஆடியது. இதெல்லாம் சரி, எனக்கே தெரிந்தது. பிறகு எடுத்த ஒன்று வழவழவென்றிருந்தது. நானே தட்டிப் பார்த்தேன், டங் என்றது.

"வாப்பா, இது நல்லது!"

"இதுக்குச் சோடி இல்ல மகள்."

சோடியும் இருந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து வாப்பா, இரண்டும் ஒரே காரில் ஓடினதாகத் தெரியவில்லை என்றார். பெட்டி பிரிக்காத புதுச் சோடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் கறுப்பு நிறம் சரியில்லை என்றார். கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"நானா, நீங்க டிரம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று வாப்பாவைக் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பக்க டிரம் கெட்டால் நல்லாயிருக்கிற மற்றப் பக்கத்தையும் ஏன் வீச வேண்டும் என்று கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், அதனால் சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். உம்மா சொன்ன மாற்றுக் கணக்கும் இதேதான் என்று எனக்குப் பட்டது. அப்படியென்றால் மதினியைக் கழற்றிவிட்டு வேறொரு மதினியைப் பூட்டப் போகிறார்களா? அவளையும் இந்தக் கடையில்தான் தேடுவார்களா? கேட்டேவிட்டேன். வாப்பா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்பளம் முடியும்வரை திரும்பவேயில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆவும் முடிந்தது. கார் கட்டையின் மேல்தான் நின்றது. நுரைச்சோலையிலிருந்து திரும்ப அழைப்பு வந்தது. கார் இல்லையென்றால் பரவாயில்லை, நாங்கள் ஆட்டோ அனுப்புகிறோம் என்றார்கள்.

"ஆட்டோவா?" உம்மாவின் சத்தம் அடுத்த வீட்டு வளவுவரை கேட்டது. "ஆட்டோவில ஏத்தி அனுப்ப அவ என்ன மீன் பெட்டியா? பூவால சோடிச்ச காரில கூட்டி வந்த பிள்ள. மரியாதையா எங்கட காரிலதான் கொண்டுவருவோம். கார் சரியாகும்வரைக்கும் அவ இஞ்சதான் இருப்பா!"

கொண்டுபோய் விடுவோம் என்று கத்தியதும் உம்மாதான், அனுப்பமாட்டேன் என்று கத்துவதும் உம்மாதான். எனக்குத் தலை சுற்றியது. அன்று பின்னேரம் மதினி சாக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கைபேசியால் டிரம்மின் உள்பக்கத்தைப் படம் பிடிப்பதைக் கண்டேன். என்னவென்று கேட்டதற்கு, கறள் கூடியிருக்கா என்று பார்த்தேன் என்றாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று டிரம் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

அடுத்த நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் மச்சான் வந்து இறங்கினார். பின் இருக்கையில் ஒரு பெட்டி கயிற்றால் கட்டியிருந்தது. "மாமாட காருக்கு டிரம் இல்லையெண்டு தங்கச்சி சொல்லிச்சு," என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "இலக்கமும் அனுப்பிச்சு. கொண்டுவந்திருக்கன்."

வாப்பா ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தார், விரலால் தடவினார், தட்டினார். டங் என்றது. இதிலும் ஏதாவது குறை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். "மாஷா அல்லாஹ்," என்றார். "நல்ல டிரம்."

மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். புது டிரம்மில் பூசியிருந்த எண்ணெயைப் பெற்றோல் துணியால் துடைத்தார். ஒருவரும் கூப்பிடாமலே நானா வந்து மறுபக்கம் குந்தினார். டிரம்மைப் போட்டுச் சுற்றிப் பார்ப்பதும், உள்ளே பிறைகள் இலேசாக உரசும்வரை ஒழுங்கு பண்ணுவதுமாக இரண்டு பேரும் மாறி மாறிச் செய்தார்கள். "கொஞ்சம் இறுக்கு மச்சான்." "காணும், காணும்." அதைத் தவிர வேறு கதை இல்லை. பிறகு ஹேண்ட் பிரேக் கம்பியைப் பார்க்க மச்சான் காருக்கடியில் புகுந்துகொண்டார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அப்போதுதான் ராத்தா அறையைவிட்டு வந்து அந்தக் கால்களுக்கு முன்னால் நின்றாள்.

"கட்டார் கதை என்ன மாதிரி?"

"போகல்ல," என்றது காருக்கடியிலிருந்து ஒரு குரல். "உன்னக் கேக்காம முடிவெடுத்தது பிழைதான்."

"இத வெளிய வந்து சொல்லுங்க."

மச்சான் முகமெல்லாம் கறுப்போடு ஊர்ந்து வெளியே வந்து, எல்லோருக்கும் முன்னால் அதையே திரும்பச் சொன்னார். ராத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்குத் துவாயை எறிந்தாள். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க, எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு காரில் ஏறி, மச்சானின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் நுரைச்சோலைவரை போனோம். ராத்தாவை அங்கே இறக்கினோம். மதினி தன் உம்மாவோடு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, நானாவுக்குப் பக்கத்தில் ஏறி எங்களோடு திரும்பி வந்தாள். வழியெல்லாம் நான் அவள் மடியில்தான் இருந்தேன்.

முடிஞ்சுபோன பழைய டிரம் இரண்டையும் உம்மா வீச விடவில்லை. எண்ணெய் பூசி வாப்பாவின் பழைய சாரத்தில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். குப்பைக்கு என்னத்துக்கு எண்ணெய் என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தில் சிங்களப் பரீட்சை வந்தது. 'தவ' என்பதற்கு அர்த்தம் கேட்டிருந்தார்கள். 'முந்தி' என்று எழுதினேன். டீச்சர் பிழை போட்டார். என் உம்மா சொன்னார், உங்களுக்குத்தான் தெரியாது என்று நான் சண்டைக்கு நிற்க, உம்மாவைக் கூட்டி வா என்று அனுப்பிவிட்டார்.

உம்மா வந்தார். டீச்சர் தாளைக் காட்டினார். உம்மா அதை வாசித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு டீச்சரின் காதருகே குனிந்து மளமளவென்று சிங்களத்தில் கதைத்தார். அந்த வேகத்தில் எனக்குப் பிடிபட்டது 'டிரம்' என்ற ஒரு சொல்தான். டீச்சர் மேசையில் கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"உம்மா, தவ எண்டா என்ன?"

"இன்னும்."

"அப்ப அண்டைக்கு முந்தி எண்டு சொன்னீங்களே?"

"அண்டைக்கு முந்திதான் மகள்," என்று சொல்லிவிட்டு உம்மா நடையை எட்டிப் போட்டார். வீட்டில் மதினி சோறாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒரு சொல்லுக்கு நாளுக்கொரு அர்த்தம் இருந்தால் நான் எப்படித்தான் சிங்களம் படித்து முடிக்கப் போகிறேன் என்ற கவலையோடு அவர் பின்னால் ஓடினேன்.